அனாக்சிமாண்டரின் வாக்கியம்

கிரேக்க மெய்யியலாளர்கள் எழுதியவற்றில் இன்று கிடைக்கும் மிகப் பழைய வாக்கியம் மிலீட்டஸ் நகரத்து அனாக்சிமாண்டருடையது. அதன் சாரம் இது: பொருள்கள் எவற்றிலிருந்து தோன்றுகின்றனவோ அவற்றுக்குள்ளேயே அழிந்தும் போகின்றன; அது தப்ப முடியாத நியதி; ஏனென்றால் அவை தாம் செய்த அநீதிக்காகக் காலம் வகுத்த முறைப்படி ஒன்றுக்கொன்று தண்டமும் ஈடும் கட்டுகின்றன. மூலத்தில் அது இரண்டு மூன்று வரிக்குமேல் போகாது. வெப்பமும் குளிரும், நீரும் நிலமும் யாருக்கு என்ன அநீதி செய்தன, எந்த மன்றத்தில் தண்டம் கட்டுகின்றன என்ற கேள்விக்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக மெய்யியலாளர்களும் மொழிநூலாரும் சட்ட அறிஞர்களும் சொல்லிவந்த விடைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இருப்பதே குற்றம் என்றார் ஒருவர். சமமானவர்களுக்குள் நடக்கும் கணக்குத் தீர்ப்பு என்றனர் வேறு சிலர். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இங்கே இடமே இல்லை என்றார் இன்னொருவர்.

அனாக்சிமாண்டர் கி.மு. 610 வாக்கில் பிறந்தவர். கி.மு. 547/546இல் அவருக்கு 64 வயது என்றும், அதற்குச் சற்றுப் பின் இறந்தார் என்றும் பழங்காலக் காலக்கணிப்பாளர் அப்பொலோடோரஸ் குறித்திருக்கிறார். மிலீட்டஸ் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த அயோனியத் துறைமுகம். மியாண்டர் ஆறு கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கி, அதன் இடிபாடுகள் இப்போது கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றன. கருங்கடல் ஓரமெங்கும் குடியேற்ற ஊர்களை நிறுவி வாணிகம் செய்து செழித்த நகரம் அது. உலகப் படம் வரைந்த முதல் கிரேக்கர் என்று அனாக்சிமாண்டருக்குப் பெயர் உண்டு. பூமி உருளை வடிவானது, அதன் உயரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றார். எல்லாத் திசைகளிலிருந்தும் சம தூரத்தில் இருப்பதால், இந்தப் பக்கம் நகர்வதற்கோ அந்தப் பக்கம் நகர்வதற்கோ காரணம் இல்லாமல், எந்தத் தாங்கலும் இன்றி அது நடுவில் நிற்கிறது என்றும் சொன்னார். கார்ல் பாப்பர் 1958இல் ஆற்றிய உரையில், மனித சிந்தனை வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான கருத்துகளில் ஒன்றாக இதைப் போற்றினார். எல்லாப் பொருளுக்கும் தோற்றுவாயாக அனாக்சிமாண்டர் வைத்தது நீரையோ காற்றையோ அல்ல, எல்லையற்ற ஒன்றை. கிரேக்கத்தில் அது அபெய்ரோன்.

அவருடைய நூல் அழிந்துவிட்டது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் தம் தொகுப்பில் எடுத்தாண்ட பகுதி மட்டும் மிஞ்சியது; அந்தத் தொகுப்பும் பின்னர் தொலைந்தது. கடைசியில் இந்த வாக்கியத்தைக் காப்பாற்றியவர் கி.பி. ஆறாம் நூற்றாண்டின் சிம்ப்ளிக்கியஸ். பேரரசர் ஜஸ்டினியன் 529இல் ஏதென்ஸில் மெய்யியல் கற்பிப்பதைத் தடுத்தபின், பாரசீக மன்னர் குஸ்ரோவின் அவைக்குப் போய்த் திரும்பிய அறிஞர்களில் அவரும் ஒருவர். அரிஸ்டாட்டிலின் இயற்பியலுக்கு எழுதிய விரிவுரையில் அவர் இந்த வாக்கியத்தைச் சேர்த்தார். அனாக்சிமாண்டர் இதைச் சற்றுக் கவித்துவமான சொற்களில் சொல்கிறார் என்ற குறிப்பும் அங்கே இருக்கிறது. அந்தச் சிறு குறிப்பு இல்லாதிருந்தால், சொற்கள் அனாக்சிமாண்டருடையவையா, பின்னால் வந்தவர்களின் சுருக்கமா என்று பிரிக்கப் பிடிமானமே இருந்திருக்காது. பேசுபவருக்கும் படியெடுத்தவருக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகள்!

1526இல் வெனிஸ் நகரத்தில், ஆல்டஸ் மனூட்டியஸின் வாரிசுகள் நடத்திய அச்சகம் சிம்ப்ளிக்கியஸின் விரிவுரையை முதன்முதலாக அச்சிட்டது. அந்தப் பதிப்பில் ஒரே ஒரு சொல் விடுபட்டுப்போயிற்று: 'ஒன்றுக்கொன்று' என்று பொருள்படும் சொல். கையெழுத்துப் பிரதிகளில் அது இருந்தது, அச்சில் இல்லை. அச்சுப் பிழைகளில் இவ்வளவு தூரம் போனது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. பொருள்கள் தம் அநீதிக்குத் தண்டம் கட்டுகின்றன என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டால், தண்டம் யாருக்கு என்ற இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தில் அபெய்ரோனை வைத்துப் படிப்பது எளிது. எல்லையற்ற ஒன்றிலிருந்து தனித்தனிப் பொருளாகப் பிரிந்து வந்ததே குற்றம், மீண்டும் அதற்குள் கரைவதே தண்டனை என்று அப்போது பொருள் கிடைக்கும்.

ஃபிரெட்ரிக் நீட்சே இப்படித்தான் படித்தார். 1869இல், 24 வயதிலேயே, பாசல் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். பிளேட்டோவுக்கு முந்தைய சிந்தனையாளர்களைப் பற்றி அங்கே பாடம் நடத்தினார். அதிலிருந்து விளைந்ததுதான் 'கிரேக்கரின் அவலயுகத்தில் மெய்யியல்' என்ற கட்டுரை நூல். 1873 ஏப்ரலில் பாய்ரொய்த் சென்று, ரிச்சர்ட் வாக்னர் தம்பதிக்கு அதைப் படித்துக்காட்டினார். பிறகு முடிக்காமலே வைத்துவிட்டார்.

நூலில் அனாக்சிமாண்டருக்கான பகுதி ஷோபன்ஹவரின் துணையோடு நடக்கிறது. மனிதன் உண்மையில் இருந்திருக்கவே கூடாத உயிர், துன்பத்தாலும் சாவாலும் தன் இருப்புக்கு ஈடு கட்டுகிறான் என்ற ஷோபன்ஹவரின் கருத்தை எடுத்து, அதை மனிதனோடு நிறுத்தாமல் அண்டம் முழுவதற்கும் விரித்தவராக அனாக்சிமாண்டரை நீட்சே காட்டுகிறார். பண்பும் வரம்பும் கொண்ட எதுவும் நிலைக்காது. தோன்றுவது என்பதே நிலையான இருப்பிலிருந்து முறைகேடாகப் பிய்த்துக்கொண்டு வருவது. அழிவதுதான் அதற்குப் பரிகாரம். இந்தச் சித்திரம் தமிழ் வாசகர்களுக்குப் பழகிய வாடையோடு வந்தால் வியப்பில்லை. 1801-02இல் இலத்தீனில் வந்த உபநிடத மொழிபெயர்ப்பைத் தம் வாழ்வின் ஆறுதலாகக் கொண்டாடியவர் ஷோபன்ஹவர். பிறவியே சுமை என்ற எண்ணம் மிலீட்டஸிலிருந்து வந்ததைவிட அந்த வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீட்சே அங்கேயே தங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த பகுதியில் எபேசஸ் நகரத்து ஹெராக்ளிட்டஸை அழைத்துவந்து, அனாக்சிமாண்டரின் இருண்ட தீர்ப்பை அவரைக் கொண்டே தள்ளுபடி செய்கிறார். ஹெராக்ளிட்டஸிடம் மோதல்தான் நீதி. எதிரெதிரானவை முட்டிக்கொள்வதில் குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை. உலகம் குழந்தையின் விளையாட்டைப் போல, நோக்கமின்றிக் கட்டிக் கலைக்கப்படுகிறது. தோன்றி மறைதலின் களங்கமின்மை என்று பிற்காலத்தில் நீட்சே வலியுறுத்திய கருத்தின் வித்து இங்கே கிடக்கிறது. ஆக, அனாக்சிமாண்டர் அவருக்கு ஓர் எதிர்வாதியாகத் தேவைப்பட்டார். 'ஒன்றுக்கொன்று' என்ற சொல் அச்சில் இருந்திருந்தால் அந்த எதிர்வாதி அவருக்கு அவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்க மாட்டார்.

அந்தச் சொல் மீண்டது ஜெர்மானிய மொழிநூலார் பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது. ஹெர்மான் டீல்ஸ் 1882இல் சிம்ப்ளிக்கியஸின் விரிவுரையின் முதல் பகுதியைச் செம்பதிப்பாக வெளியிட்டார். 1903இல் அவருடைய 'சாக்ரடீஸுக்கு முந்தையோரின் எச்சங்கள்' என்ற தொகுப்பும் வந்தது. ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் பர்னெட் 1892இல் வெளியிட்ட 'தொடக்கக் கிரேக்க மெய்யியல்' இந்தத் திருத்தத்தின் விளைவைத் தெளிவாக்கியது. தண்டம் ஒன்றுக்கொன்று கட்டப்படுகிறது என்றால், அநீதியும் ஒன்றுக்கொன்று செய்துகொண்டதுதான். கோடையில் வெப்பம் குளிரின் பங்கைப் பறிக்கிறது, குளிர்காலத்தில் திருப்பித் தருகிறது. ஈரத்துக்கும் வறட்சிக்கும் இடையிலும் அதே கதை. தனிப் பொருளாக இருப்பது பாவம் அல்ல, அளவு மீறுவதே குற்றம் என்றாகிறது. சார்லஸ் கான் 1960இல் எழுதிய விரிவான ஆய்வில் இன்னொரு சான்றையும் அழுத்திச் சொன்னார்: வாக்கியம் 'எவற்றிலிருந்து' என்று பன்மையில் தொடங்குகிறது, அபெய்ரோனோ ஒருமை. எனவே பேச்சு எல்லையற்ற மூலத்தைப் பற்றியது அல்ல, ஒன்றையொன்று விழுங்கித் தோற்றுவிக்கும் எதிர்மறைகளைப் பற்றியது.

இப்படிப் படித்ததும் வாக்கியம் வானத்திலிருந்து இறங்கி நகரத்துச் சந்தைக்கு வந்துவிட்டது. வெர்னர் யேகர் 1930களில் வெளியிடத் தொடங்கிய 'பைதேயா' நூலில் அதை ஒரு வழக்கு மன்றமாகவே காட்டினார். இருவர் வழக்காடுகிறார்கள், ஒருவர் தம் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டார், கூடுதலாக எடுத்ததற்கு ஈடு கட்ட வேண்டும், ஈட்டின் அளவைத் தீர்மானிக்கும் நடுவர் காலம். இந்தக் காட்சி யேகரின் கற்பனை மட்டுமல்ல. ஏதென்ஸில் கி.மு. 594இல் ஆட்சிப் பொறுப்பேற்றுக் கடன் அடிமைத்தனத்தை ஒழித்த சோலன், தம் சீர்திருத்தத்துக்குக் காலத்தின் மன்றத்தில் பூமியையே சாட்சிக்கு அழைத்தவர். சோலனும் அனாக்சிமாண்டரும் சமகாலத்தவர். எழுதப்பட்ட சட்டமும் பொது மன்றமும் கிரேக்க நகரங்களில் வேரூன்றிக்கொண்டிருந்த அந்த நூற்றாண்டில், இயற்கையின் ஒழுங்குக்கு ஒரு மாதிரி தேடியவருக்குக் கைக்கெட்டிய மாதிரி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்த வாசிப்பை மிகக் கூர்மையாக்கியவர் இஸ்தான்புல்லில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கிரெகரி விளாஸ்டோஸ். 1947இல் வந்த அவருடைய கட்டுரை, தொடக்கக் கிரேக்கர்களின் அண்டக் கோட்பாடுகளில் நீதி என்பது சமத்துவமே என்று வாதிட்டது. எதிரெதிர் ஆற்றல்கள் சம வலிமை கொண்டிருந்தால்தான் ஒன்று மற்றதை முற்றாக ஒழித்துவிடாது. அதனால்தான் அவற்றில் எந்த ஒன்றும் எல்லையற்றதாக இருக்க அனாக்சிமாண்டர் இடம் தரவில்லை. உடலுக்கும் இதே கணக்கை மருத்துவச் சிந்தனையாளர் அல்க்மையோன் போட்டார்: ஈரம், வறட்சி, வெப்பம், குளிர் ஆகியவற்றின் சம உரிமை உடல்நலம்; ஏதேனும் ஒன்றின் முடியாட்சி நோய். அரசியலின் சொல்லை மருத்துவத்துக்குக் கொண்டுபோன அல்க்மையோனின் குறிப்பு, விளாஸ்டோஸின் வாதத்துக்கு மிக வலுவான துணை. பிரெஞ்சு அறிஞர் ஜான் பியேர் வெர்னான் 1962இல் இதே தடத்தில் இன்னும் ஓரடி வைத்தார். நடுவில் பொதுத் திடலும் அதைச் சுற்றிச் சம தொலைவில் குடிமக்களும் கொண்ட நகரத்தின் வடிவத்தையே, எதற்கும் அடங்காமல் நடுவில் நிற்கும் அனாக்சிமாண்டரின் பூமியில் அவர் கண்டார்.

சட்டத் துறையிலிருந்து வந்த வாசிப்பு வேறு பக்கம் திரும்பியது. 1920ஆம் ஆண்டின் ஆஸ்திரிய அரசியல் சாசனத்தை வரைவதில் முதன்மைப் பங்கு வகித்த ஹான்ஸ் கெல்சன், நாஜிகளால் நாடு விட்டு நாடு போய் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது, 1943இல் 'சமூகமும் இயற்கையும்' நூலை வெளியிட்டார். காரண காரிய விதி என்று அறிவியல் சொல்வதே பழிக்குப் பழி என்ற பழங்குடி நெறியிலிருந்து முளைத்தது என்பது அவர் வாதம். கிரேக்கத்தில் காரணத்துக்கும் குற்றப் பொறுப்புக்கும் ஒரே சொல்தான். அப்படியானால் அனாக்சிமாண்டரின் வாக்கியம் கவித்துவமான உவமை அல்ல. இயற்கை விதி என்ற எண்ணம் தண்டனை என்ற எண்ணத்திலிருந்து முழுதாகப் பிரியாத கட்டத்தின் ஆவணம். இந்த வாதம் இன்று பெற்றிருக்கும் கவனத்தைவிடக் கூடுதலாகவே பெறத் தகும்.

மார்ட்டின் ஹைடெகர் இந்த விவாதம் முழுவதையும் கடந்து போக முயன்றார். 1932 கோடைப் பருவப் பாடத்திலும் 1941 பாடத்திலும் இந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டவர், 1946இல் அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1950இல் வெளிவந்த 'ஹோல்ட்ஸ்வெகே' தொகுப்பின் இறுதிக் கட்டுரை அது. நீட்சேயும் டீல்ஸும் செய்த மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து, இரண்டுக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை என்று அவர் தொடங்குகிறார். சட்டத்திலிருந்தோ அறத்திலிருந்தோ சொற்களைக் கடன்வாங்கி இயற்கைக்குப் பூட்டியதாக அனாக்சிமாண்டரைக் குறை சொல்ல முடியாது. சட்டம், அறம், இயற்பியல் என்று துறைகள் பிரியாத காலத்தில் கடன்வாங்கல் எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானது. யேகரும் கெல்சனும் எளிதாகத் தாண்டிப்போன இடம் அது.

அவருடைய விடைதான் கரடுமுரடானது. நீதி என்று எல்லோரும் மொழிபெயர்த்ததை, மரவேலையில் ஒரு பலகை மற்றதோடு கச்சிதமாகப் பொருந்துவது போன்ற இசைவு என்ற பொருளில் அவர் எடுத்தார். இருக்கும் ஒவ்வொன்றும் வருகைக்கும் போதலுக்கும் இடையே சிறிது நேரம் தங்குகிறது. அந்த இடைவெளியில் பொருந்தி நிற்பதே அதன் இசைவு. தங்குவதோடு நில்லாமல், நிலைத்தே தீருவேன் என்று விடாப்பிடியாக இருக்கும்போது இசைவு கெடுகிறது. அநீதி எனப்பட்டது இந்தப் பிடிவாதமே. ஒன்று மற்றதற்கு இடம் விட்டு, அதன்மேல் அக்கறை காட்டும்போது அந்தக் கேடு தீர்கிறது. தண்டமும் பரிகாரமும் இதில் இல்லை. நியதி என்று படிக்கப்பட்ட சொல்லை, இருப்புக்கு மேலைச் சிந்தனை இட்ட முதல் பெயராக அவர் கண்டார். அது பின்னர் மறக்கப்பட்டதன் வரலாறுதான் மேற்கின் வரலாறு என்றும் முடித்தார்.

மொழிநூலார் இதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. வாக்கியத்தின் தொடக்கம் அரிஸ்டாட்டில் மரபின் சொற்களில் இருக்கிறது என்ற பர்னெட்டின் ஐயத்தைப் பின்பற்றி ஹைடெகர் அதை வெட்டினார். இறுதியிலுள்ள 'காலத்தின் முறைப்படி' என்ற தொடரையும், 1938இல் ஃபிரான்ஸ் டிர்ல்மையர் செய்த பிரிப்பை ஏற்று, நீக்கினார். 'இருப்பும் காலமும்' எழுதியவர், பழைய கிரேக்க வாக்கியம் ஒன்றில் காலத்தை வெட்டியெறிந்தது விசித்திரம்தான். இன்னொரு நெருடலும் உண்டு. 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்றவர் அவர். 1946 அவருக்குக் கற்பிக்கும் உரிமை பறிபோன ஆண்டு. குற்றமும் தண்டனையும் ஜெர்மனி முழுதும் பேச்சாக இருந்த அந்த ஆண்டில், அநீதி பற்றிய மிகப் பழைய வாக்கியத்திலிருந்து குற்றம் என்ற பொருளையே அகற்றும் கட்டுரை எழுதப்பட்டது. வாசிப்பின் நுட்பத்தை ஒப்புக்கொள்பவர்களும் அதன் தேதியைக் கவனிக்காமல் போக முடியாது.

ஹைடெகரிடமிருந்தே தொடங்கி அவருக்கு எதிராகத் திரும்பியவர் ஜாக் தெரிதா. 1993 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு வளாகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவு 'மார்க்ஸின் ஆவிகள்' நூலாயிற்று. கம்யூனிச ஆட்சிகள் கவிழ்ந்து, வரலாறே முடிந்துவிட்டது என்று பேசப்பட்ட நேரம் அது. பழிவாங்கலையும் கடன் கணக்கையும் நீதியிலிருந்து பிரித்தெடுத்த ஹைடெகரின் முயற்சியைத் தெரிதா வரவேற்றார். ஆனால் நீதியை இசைவோடும் ஒன்றுகூடலோடும் சேர்த்துக் கட்டுவதை ஏற்க மறுத்தார். எல்லாம் பொருந்தி மூடிக்கொண்ட இடத்தில் மற்றவர் நுழைய வழி ஏது? மூட்டு நழுவிய காலத்தைச் சரிசெய்யப் பிறந்தேனே என்று நொந்துகொள்ளும் ஹாம்லெட்டைக் கொண்டுவந்து, அந்த நழுவலே நீதிக்கு முன்தேவை என்றார். இறந்துவிட்டவர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் பொறுப்பேற்பது, நிகழ்காலம் தன்னோடு முழுமையாகப் பொருந்தாத இடத்தில்தான் இயலும் என்பது அவர் நிலை. இங்கே அனாக்சிமாண்டரின் வெப்பமும் குளிரும் வெகு தூரம் பின்தங்கிவிடுகின்றன. இதை உரை என்பதைவிடப் புதிய சிந்தனை என்பதே பொருந்தும்.

அறிவியலாளர்களுக்கு இந்த வாக்கியம் வேறு காரணத்தால் பிடித்துப்போயிற்று. இயற்பியலாளர் கார்லோ ரொவெல்லி 2009இல் அனாக்சிமாண்டரைப் பற்றித் தனி நூலே எழுதினார்; 2017இல் காலம் பற்றி எழுதிய நூலுக்கு இந்த வாக்கியத்தின் கடைசித் தொடரையே தலைப்பாக வைத்தார். இயற்கையில் நடப்பவற்றைத் தெய்வங்களின் விருப்பத்தால் அல்லாமல் காலத்தில் இயங்கும் விதியால் விளக்கத் துணிந்ததே அவருக்கு முக்கியம். ஹைடெகர் வெட்டிய சொற்களே அவருக்கு உயிரான சொற்கள்.

ஜப்பானியச் சிந்தனையாளர் கோஜின் கரடானி 2012இல் எழுதிய நூல் விவாதத்தைத் திரும்பவும் மிலீட்டஸுக்கே கொண்டுவந்தது. ஏதென்ஸின் மக்களாட்சி, அடிமை உழைப்பின் மேலும் பிற நகரங்களிடம் பெற்ற கப்பத்தின் மேலும் நின்றது. அயோனிய நகரங்களிலோ, பிடிக்காதவர்கள் வேறு குடியேற்ற ஊருக்குப் போய்விட முடிந்ததால், ஒருவரை ஒருவர் ஆளாத சமத்துவம் இருந்தது. மெய்யியல் பிறந்தது அந்த மண்ணில்தான் என்பது அவர் கோட்பாடு. கவர்ச்சியான கோட்பாடு, ஆனால் மிலீட்டஸைப் பற்றிய பழைய பதிவுகள் அதற்கு அவ்வளவாக இணங்கவில்லை. செல்வர்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் இடையே அங்கே கடும் பகை நிலவியது. செல்வர்களை விரட்டியவர்கள் அவர்களின் குழந்தைகளைக் களத்து மேட்டில் விட்டு மாடுகளால் மிதிக்கவைத்தனர் என்றும், திரும்பி வந்த செல்வர்கள் பிடிபட்டவர்களைக் குழந்தைகளோடு கீல் பூசி எரித்தனர் என்றும் அதெனேயஸ் தொகுத்த செய்தி ஒன்று சொல்கிறது. ஒன்றுக்கொன்று தண்டம் கட்டுவது அந்த ஊரில் அண்டத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இரண்டு தலைமுறை நீடித்த அந்தப் பூசலைத் தீர்க்கப் பாரோஸ் தீவினரை நடுவராக அழைத்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். வந்தவர்கள் பாழான நாட்டுப்புறத்தைச் சுற்றிப்பார்த்து, எங்கெல்லாம் நன்றாகப் பயிர் செய்த நிலம் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் உரியவரின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அப்படித் தேறியவர்கள் சிலரே. தம் நிலத்தைப் பேணியவர்கள் ஊரையும் பேணுவார்கள் என்று கூறி, ஆட்சியை அந்தச் சிலரிடம் ஒப்படைத்து, மற்ற மிலீட்டஸ்காரர்கள் அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள்.